கிரகணத்தின் மேல் போட்ட பழி

ஆகஸ்ட் 3, புதன்

இன்று ஆடிப் பதினெட்டு. ஊரெல்லாம் ஆற்றைக் கும்பிடும் நாளில் எங்கள் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஒட்டிய ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். அச்சகத்தில் சுண்டலும் கேசரியும் கொடுத்தார்கள். கேசரி வாசனைக்கே குமட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். மேனேஜர் "என்னம்மா, விசேஷமா?" என்று சிரித்தார். ஆமாம் சார், விசேஷம்தான். பத்து வாரம்.

மிஞ்சிக் கிடந்த டைரி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். வருஷத்தில் பாதி போய்விட்டது, பரவாயில்லை. இந்த வீட்டில் மனசில் இருப்பதைச் சொல்ல ஆள் கிடையாது. மாமியார் வெள்ளைத்தாய் அத்தை வாயைத் திறந்தால் மூட மாட்டார். அவர் மகன், என் வீட்டுக்காரர் அருஞ்சுனை, வாயைத் திறக்கவே மாட்டார். பத்து வருஷம் ஆஃப்செட் மிஷின் பக்கத்தில் நின்ற மனிதர், வீட்டிலாவது சத்தம் வேண்டாம் என்று இருக்கிறார் போல.

என் வேலை தினசரி காலண்டர் தாளுக்கு டைப் அடிப்பது. ராகு காலம், எமகண்டம், எந்த ராசிக்குச் சந்திராஷ்டமம். ஊர் உலகத்துக்கெல்லாம் நல்ல நேரம் அடித்துக் கொடுக்கிறேன்.

காலையில் வழக்கம்போல் கால்சியம் டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டேன். அதில் இருப்பது கால்சியம் இல்லை என்பது எனக்கும் கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். இருபத்தைந்து வயசில் பல் பிடுங்கப் போன இடத்தில் எனக்குப் பிரசர் என்று கண்டுபிடித்தார்கள். "இந்த வயசுல பிரசர்னு வெளிய தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?" என்றாள் அம்மா. பெண் பார்க்க வந்தவர்களிடம் "எங்க கனிச்செல்வி ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்ல" என்று சொன்னதும் அவள்தான். இப்போது மாசாமாசம் முறுக்கு டின்னுக்கு அடியில் மாத்திரை வைத்து அனுப்புகிறாள். அத்தை முறுக்கைச் சாப்பிட்டுவிட்டு "உங்கம்மா கைப்பக்குவமே தனி தாயி" என்கிறார்.

ஆகஸ்ட் 17, புதன்

செக்கப். டாக்டரம்மா அட்டையில் எழுதிக்கொண்டே "சுகர், பிரசர், தைராய்டு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அத்தை பக்கத்திலேயே நின்றார். சுவரில் மாட்டியிருந்த குழந்தை படத்தை அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை மேடம்."

கையில் பட்டை கட்டிப் பார்த்தார்கள். நூற்றிருபதுக்கு எண்பது. "வெரி குட்" என்றார் டாக்டரம்மா. மாத்திரை போட்டால் நார்மலாகத்தானே இருக்கும்? பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? இல்லாத வியாதியைச் சொன்னால்தான் பொய்.

செப்டம்பர் 9, வெள்ளி

வாந்தி நின்றது. அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்தார். மூன்று தடவை சோறு வாங்கினேன்.

அக்டோபர் 25, செவ்வாய்

நேற்று தீபாவளி, இன்று சூரிய கிரகணம். இன்றைய தாளில் 'கர்ப்பிணிகள் வெளியே வரலாகாது' என்ற வரியைப் போன வருஷம் நானே அடித்தேன். முந்தைய கிரகணத்துக்கு இருந்ததை எடுத்து அப்படியே ஒட்டினேன், அவ்வளவுதான்.

அத்தைக்குத் தீபாவளி அலுப்பு. மத்தியானம் படுத்தவர் ஐந்தரைக்குத்தான் எழுந்தார். எழுந்த வேகத்தில், "மாடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வந்துரு தாயி, இருட்டிக்கிட்டு வருது" என்றார். கிரகணம் அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. வேண்டுமென்றே போனேன். நான் அடிக்கிற வரிக்கு நானே பயப்படவா? சூரியன் மேற்கே ஓரம் கடித்த அதிரசம் மாதிரி நின்றது. நன்றாகப் பார்த்துவிட்டுத் துணியை அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

இறங்கியபோது அத்தை காலண்டர் முன்னால் நின்றிருந்தார். "அடியாத்தே! நான் ஒரு கூறுகெட்டவ, புள்ளத்தாச்சிய மேல அனுப்பிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். குளிக்க வைத்தார், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளையும் உதைத்தது.

நவம்பர் 11, வெள்ளி

ஸ்கேன். இருபத்துநாலு வாரம்.

ஸ்கேன் எடுக்கிறவர் முதலில் பேசிக்கொண்டே எடுத்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் கருவியை வயிற்றில் நாலு பக்கமும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பனிக்குடத் தண்ணி ரொம்பக் குறைவா இருக்கும்மா. குழந்தை போற யூரின்தான் இந்த மாசத்துல தண்ணியா நிக்கிறது. அது ஏன் குறையுதுன்னு பார்க்கணும். நீர் கசியிற மாதிரி இருக்கா?"

"இல்லை மேடம்."

"வேற ஏதாவது மாத்திரை போடுறியா? நாங்க எழுதிக் குடுத்தது தவிர? யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது? என் இடது பக்கம் அத்தை உட்கார்ந்திருந்தார். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அத்தையைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்கலாம். எந்த மருமகள் மாமியார் முன்னால் வாயைத் திறப்பாள்? படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா?

"இல்லை மேடம்" என்றேன்.

நவம்பர் 12, சனி

தூக்கம் சரியில்லை. டாக்டரம்மா மாத்திரை மாத்திரை என்கிறார். பிள்ளைக்கு ஆகாத மாத்திரையாக இருந்தால் டாக்டர் கொடுத்திருப்பாரா?

சரி, எழுதிவிடுகிறேன். கோவில்பட்டி டாக்டர் அன்றைக்கே சொன்னார். "கல்யாணம் ஆகி, நாள் தள்ளிப்போனா உடனே வந்துரும்மா. இதை மாத்தி வேற குடுக்கணும்." தலையை ஆட்டினேன். கோவில்பட்டிக்கு நான் தனியாகப் போக முடியுமா? அத்தையும் கூட வருவார். போகாததற்கு அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். தண்ணீர் குறைவு என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏதாச்சும் சொல்லித் தொலைச்சியா?"

"இல்லம்மா."

"அதான் நல்லது. தண்ணி கொறையிறதெல்லாம் ஊர் உலகத்துல இருக்குறதுதான். புள்ள பொறக்கட்டும். பொறந்துட்டா ஒருத்தரும் உன்னை அசைக்க முடியாது."

பெற்றவள் பேச்சு. வயிறு எரிகிறது. ஆனாலும் இன்று காலையிலும் மாத்திரையைப் போட்டேன். பிரசர் ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து இல்லையா? அதையும் யோசிக்க வேண்டுமே.

நவம்பர் 22, செவ்வாய்

ஒரு மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர். காலையில் இரண்டு இளநீர். அத்தை காலண்டருக்குத் தகரப் பட்டி அடிக்கும் வேலையை விட்டுவிட்டு என் பின்னாலேயே அலைகிறார். சீசன் நேரம், கை நிறைய வேலை கிடைக்கும் மாதம், எல்லாவற்றையும் விட்டுவிட்டார். "குடி தாயி, குடிச்சாத்தான ஊறும்" என்று சொம்பை நீட்டுகிறார். நான் குடிக்கிறேன். எனக்குத்தான் ஊறுகிறது.

டிசம்பர் 2, வெள்ளி

இன்று என் வீட்டுக்காரரும் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கு வந்தார். தண்ணீர் இன்னும் குறைந்திருக்கிறது. பிள்ளையின் இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கினாற்போல் தெரிகிறதாம்.

அத்தை டாக்டரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஏம்மா, கிரகணத்துல வெளிய வந்தா இப்படி ஆகுமா? நான்தாம்மா மாடிக்கு அனுப்புனேன்."

"கிரகணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா இருங்க பாட்டி" என்று டாக்டரம்மா எரிந்து விழுந்தார்.

ஆட்டோவில் வரும்போது இவர் கேட்டார். "எதுக்கும்மா அவளை மேல அனுப்புன?"

"மறந்துட்டேன்யா."

"மறப்பியா? வீடு முழுக்கக் காலண்டர் தொங்குது. மறப்பியா நீ?"

பத்து நாள் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டார். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். 'மறக்காமல் போனவள் நான்' என்று அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அதற்குமேலும் சொல்லியிருக்கலாம். ரயில்வே கேட் மூடியிருந்தது, நிறைய நேரம் இருந்தது. சொல்லவில்லை.

டிசம்பர் 3, சனி

இனி அந்த மாத்திரை வேண்டாம். டப்பாவைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். நான்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், செக்கப்புக்குப் போகிற நாளுக்கு. அட்டையில் நார்மல் என்று வர வேண்டுமே.

டிசம்பர் 9, வெள்ளி

இருக்கன்குடி மாரியம்மனுக்கு அத்தை முடி நேர்ந்துகொண்டார். நானும் கூடப் போனேன். இவர் வரவில்லை. அவர் அம்மாவோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. அத்தை வைத்த சோற்றையும் தொடுவதில்லை, கடையில் சாப்பிடுகிறார்.

அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயசிலும் இடுப்பு வரைக்கும் முடி. மாமா செத்த வருஷத்தில்கூட அதை எண்ணெய் போட்டு வாரித்தான் முடிந்திருப்பாராம், அவ்வளவு ஆசை. ஆற்றங்கரையில் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். முதல் கொத்து விழுந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெய்வக் குத்தம் என்னோட போயிரணும் தாயி. உன்னையும் புள்ளையையும் தொடப்பிடாது."

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. கடைசிவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் தலைக்குச் சந்தனம் பூசிவிட்டேன்.

எத்தனை பேர் மொட்டை போடுகிறார்கள், இதில் என்ன இருக்கிறது.

டிசம்பர் 16, வெள்ளி

செக்கப். நேற்றுச் சாயங்காலம் இரண்டு, இன்று காலை ஒன்று போட்டேன். நூற்றிமுப்பதுக்கு எண்பத்துநாலு. "கொஞ்சம் கூடியிருக்கு, உப்பைக் குறை" என்றார் டாக்டரம்மா. தப்பித்தேன்.

டிசம்பர் 28, புதன்

மோதிரம் கழல மாட்டேன் என்கிறது. முகம் இட்லி மாதிரி உப்பிவிட்டது. இரண்டு நாளாக மண்டை வெடிக்கிறது. "ஆஸ்பத்திரிக்குப் போவமா தாயி?" என்று அத்தை மூன்று தடவை கேட்டுவிட்டார். ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம் இருக்கிறது, அது போதாது. புது வருஷம் கழித்துப் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12, வியாழன், மதுரை

பதினைந்து நாள் எழுதவில்லை. ஐந்தாம் தேதி காலையில் பல் தேய்க்கும்போது கண் முன்னால் பூச்சி பறந்தது. அதற்கப்புறம் விழுந்தது ஞாபகம் இல்லை. வலிப்பு வந்ததாம். பிரசர் நூற்றிஎண்பதுக்கு நூற்றிருபது. சிவகாசியில் கை விரித்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். இங்கே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள்.

பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். இரண்டு பாதமும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருக்கின்றன. அது கட்டுப் போட்டு, வாரம் ஒரு தடவை மாற்றி, சரி செய்துவிடலாமாம். சரி செய்ய முடியாதது வேறு. என் மகள் மூத்திரம் போவதில்லை. ஒரு நாளைக்கு நாலு மில்லி, ஐந்து மில்லி. குழாய் மாட்டி எடுத்து அளக்கிறார்கள்.

ஜனவரி 19, வியாழன்

குழந்தைகள் கிட்னி டாக்டர் வந்தார். சின்ன வயசு, பொறுமையான பெண். என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். யாரும் பக்கத்தில் இல்லை.

"நீங்க எதையும் மறைச்சிருந்தா நான் திட்ட மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாகணும், அவளுக்கு என்ன பண்றதுன்னு முடிவு பண்ண. பிரசருக்கு மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா?"

சொன்னேன். பெயர், எத்தனை வருஷம், எப்போது நிறுத்தினேன், செக்கப் நாளில் மட்டும் போட்டது, எல்லாம். வாந்தி எடுக்கிற மாதிரி கொட்டிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"இதனாலதானா டாக்டர்?"

"பிரசரும் குழந்தையைப் பாதிக்கும். அந்த மாத்திரை நாலஞ்சு மாசத்துக்கு மேல குழந்தையோட கிட்னியை அமுக்கிடும். இதுல எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நிறைய பேருக்கு, தண்ணி குறைஞ்ச உடனே அதை நிறுத்திட்டு வேற நல்ல மாத்திரைக்கு மாத்தினா, தண்ணி திரும்ப வந்திருக்கு."

நவம்பர் பதினொன்று. அந்த ஒரு நாள் நான் 'ஆமாம் மேடம்' என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டே வார்த்தை. பாவி நான்.

ஜனவரி 20, வெள்ளி

வராந்தாவில் அத்தை பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் துண்டு. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கிரகணம் இல்லை அத்தை, நான்தான், என் மாத்திரைதான். காலில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

அத்தை அழவில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் தாயி."

"என்ன தெரியும்?"

"நீ மாத்திரை போடுறது. கல்யாணமாயி வந்த மறுமாசமே தெரியும். வீட்டுக் குப்பைய நான்தான கொட்டுறேன்? அதுல பிரிச்ச மாத்திரை அட்டை கெடக்கும். எங்கண்ணன் போடுற அதே அட்டை. பிரசருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கு டாக்டரம்மா கேட்டப்ப பக்கத்துலதான இருந்தீங்க?"

"நீ இல்லைன்ன. நான் இருக்குன்னு சொன்னா உனக்கு எம்புட்டு அசிங்கம்? சம்பந்தியம்மா பொய் சொல்லிக் கட்டி வச்சாங்கன்னு ஆயிரும். வீட்டுக்கு வந்த பொண்ண நாமளே நாலு பேரு முன்னால தலகுனிய வைக்கப்பிடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். மாத்திரையால இப்படி ஆகும்னு நான் கண்டனா? தனியா இருக்கையில டாக்டரம்மாட்ட சொல்லிக்கிருவன்னு நெனச்சேன். அப்புறம் ஸ்கேன்ல காலு மடங்கியிருக்குன்னாங்க பாரு, அப்பத்தான் எனக்குப் பகீர்னுச்சு. கிரகணமா இருக்கணும் மாரியாத்தான்னு வேண்டிக்கிட்டுத்தான் முடியக் குடுத்தேன்."

பிறகு என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். "அருஞ்சுனைகிட்டச் சொல்லாத. அவனுக்கு என் மேல கோவம்னா நாலு மாசத்துல போயிரும், பெத்தவ. உன் மேல கோவம்னா போகாது. கிரகணம்னே இருக்கட்டும்."

ஜனவரி 21, சனி

இன்று முழுக்க அத்தையோடு பேசவில்லை. தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாரே! என் மானத்தைக் காப்பாற்றினாராம். யார் கேட்டது? அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிள்ளை நல்லபடியாக இருந்திருப்பாள். பழி போட இன்னொரு ஆள் கிடைத்ததும் மனசுக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது! அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் சுகமாக இருக்கிறது.

சாயங்காலம் இவர் போன் செய்தார். "பாப்பாவ வீட்டுக்குக் கொண்டு வரும்போது அம்மா அங்க இருக்க வேண்டாம். சாத்தூர்ல பெரியம்மா வீட்டுல விட்டுர்றேன். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். அவங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வருது."

"சரி" என்றேன்.

ஜனவரி 22, ஞாயிறு

காலையில் அத்தை மாடிப்படி ஏறி மூச்சு வாங்க ஓடி வந்தார். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "தாயி, பதினோரு மில்லியாம்! நேத்துக்கு இன்னைக்குக் கூடியிருக்காம்!" சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் துணிமணியெல்லாம் ஏற்கெனவே ஒரு கட்டைப்பையில் மடித்து வைத்தாகிவிட்டது. நேற்று மகன் போனில் பேசியது காதில் விழுந்திருக்கும், கூட்டிப்போக வருகிறான் என்று அவருக்குத் தெரியும். எங்கே, எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு இவர் வந்தார். எனக்கு மட்டும் ஒரு பார்சல் வாங்கி வந்திருந்தார். வராந்தாவில் அவர் அம்மா எழுந்து நின்றதைப் பார்க்காமல் தாண்டி உள்ளே வந்தார்.

"உக்காருங்க" என்றேன். "ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பல் டாக்டரிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா சொன்ன பொய், முறுக்கு டின், கோவில்பட்டி டாக்டர் சொன்னது, டாக்டரம்மா கேட்டது, நான் இல்லை என்றது. மாடிக்கு வேண்டுமென்றே போனது. அத்தைக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பாதிப் பழி அங்கே போய்விடும், எனக்கு அது வேண்டும் போலவும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிவிட்டேன்.

இவர் கேட்டுக்கொண்டே பார்சலைச் சுற்றியிருந்த நூலைப் பிரித்துப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருக்கன்குடியில அம்மா மொட்டை போடும்போது நீ பக்கத்துலயா இருந்த?"

"ஆமா" என்றேன். "கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் எழுந்து வெளியே போனார். வராந்தாவில் ஒன்றரை மாசமாகப் பேசாத அம்மாவும் மகனும் பேசும் சத்தம் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். பாய் சுருட்டி வைத்திருந்தது, கட்டைப்பையைக் காணோம். இரண்டு பேரும் என்னிடம் சொல்லாமலே போய்விட்டிருந்தார்கள்.